தலைமாட்டில் தொங்கும் போத்தல்

மூளைச் சத்திரசிகிச்சையின்போது நாளத்தில் ஏற்றும் நீரைப் பற்றிச் சில செய்திகள்

நள்ளிரவு நேரம். கண்டி வீதி வழியே நோயாளர் காவு வண்டியொன்று பரந்தனைத் தாண்டி ஆனையிறவை நோக்கி விரைந்து கொண்டிருப்பதாக மனக்கண்ணிற் கண்டு கொள்ளுங்கள். வண்டிக்குள்ளே ஓர் இளைஞன் நினைவிழந்து கிடக்கிறான். மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில், வீதியின் நடுவே படுத்திருந்த மாடொன்றை இருளிற் காணாது மோதித் தலையடிபட வீழ்ந்தவன் அவன். மண்டையோட்டினுள்ளே இரத்தம் கட்டியிருக்கிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலே அவனுக்குச் சத்திரசிகிச்சை செய்ய ஆயத்தங்கள் நடைபெறுகின்றன. அவனுடைய தலைமாட்டில் ஒரு போத்தல் தொங்குகிறது. அதிலிருந்து தெளிந்த நீர் துளித்துளியாக அவன் கை நாளத்துள் இறங்கிக் கொண்டிருக்கிறது.

அருகில் இருக்கும் தாய், தாதியைப் பார்த்துக் கேட்கிறாள்: "பிள்ளை, மத்தியானத்துக்குப் பிறகு இவன் வாயில் ஒன்றும் படவில்லை. வெறும் உப்புத் தண்ணியைத்தானே ஏற்றுகிறீர்கள்? ஒரு குளுக்கோசுப் போத்தல் போட்டால் கொஞ்சம் தெம்பு வருமல்லவா?"

"இல்லை அம்மா. இந்த நேரத்தில் இவருக்குச் சீனித் தண்ணீர் கூடாது. இந்த உப்புத் தண்ணீர்தான் காவல்" என்கிறாள் தாதி.

இந்த இளைஞனும் தாயும் தாதியும் நமது கற்பனையே. ஆயினும் இத்தகைய இரவுகள் கற்பனையல்ல. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் வாழும் குடும்பங்கள் பல, இப்படியொரு பயணத்தை அறிந்தவையே. தாயின் கேள்வியும் பேதைமையான கேள்வியன்று. அன்பினாற் பிறந்த கேள்வி. பார்வைக்கு எல்லாப் போத்தலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எல்லாம் நிறமற்ற நீர். அவ்வாறிருக்க, ஒன்று காவலாகவும் மற்றொன்று கேடாகவும் அமைவது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆனையிறவு சொல்லும் பாடம்

விடையின் முதற்படியை ஆனையிறவு உப்பளத்தருகே நின்றே கற்றுக் கொள்ளலாம். உப்புக்கு நீரைத் தன்பால் இழுக்கும் குணம் உண்டு. நம் அடுக்களையிலே நாள்தோறும் இதைக் காண்கிறோம். வெள்ளரிக்காயை நறுக்கி உப்புத் தூவி வைத்தால், சிறிது நேரத்தில் தட்டிலே நீர் தேங்கி நிற்கிறது. உப்பு, காயினுள் இருந்த நீரை வெளியே இழுத்துவிட்டது. இதற்கு மாறாக, காய்ந்த முந்திரிகை வற்றலைத் தண்ணீரில் ஊறப் போட்டால் அது பருத்துவிடுகிறது. வற்றலின் உள்ளேயிருக்கும் இனிப்பு, வெளியே இருக்கும் நீரை உள்ளே இழுத்துக் கொண்டது.

மெல்லிய தோலொன்றின் இருபுறமும் நீர் இருக்குமானால், கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கே நீர் ஊடுருவிச் செல்லும். மாணவர்கள் இதனைப் பிரசாரணம் என்று பாடசாலையிற் படித்திருப்பார்கள்.

மனித உடம்பின் ஒவ்வொரு கலமும் இவ்விதிக்குக் கட்டுப்பட்டதே. குருதியின் செங்கலங்களைத் தூய நீரில் இட்டால் அவை நீரை உறிஞ்சிப் பருத்து வெடித்துவிடும். அடர்ந்த உப்பு நீரில் இட்டால் சுருங்கிவிடும். ஒரு லீற்றர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்த நீரிலோ அவை பருப்பதுமில்லை, சுருங்குவதுமில்லை. ஒல்லாந்து தேசத்து ஹம்பேர்கர் என்னும் அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாராய்ச்சிகளைச் செய்தார். வைத்தியசாலைகளிலே நாம் 'சேலைன்' என்று சொல்லுகின்ற, நூற்றுக்கு 0.9 வீத உப்பு நீர் இதுவேயாகும்.

வாய் திறவாத செம்பு

காலிலே அடிபட்டால் கால் வீங்குகிறது. வீங்குவதற்கு அங்கே இடமுண்டு. தோல் நெகிழ்ந்து கொடுக்கும். மூளையின் நிலையோ வேறு. ஏறக்குறைய 1,400 கிராம் நிறையுள்ள மூளை, எலும்பினாலான ஒரு பேழைக்குள்ளே அடைபட்டிருக்கிறது. அப்பேழை வளராது, நெகிழாது. மூளையும், அதனுள் ஓடும் இரத்தமும், அதனைச் சூழ்ந்த தெளிந்த நீரும் ஆகிய மூன்றுமே அதனுள் இடம் பிடித்துள்ளன. இம்மூன்றில் ஒன்று பெருகினால் மற்றொன்று குறைந்தேயாக வேண்டும். எடின்பரோ நகரத்து மன்றோ 1783ஆம் ஆண்டிலும், அவருடைய மாணாக்கராகிய கெல்லி 1824ஆம் ஆண்டிலும் எடுத்துரைத்த இவ்வுண்மை இன்றும் மூளை வைத்தியத்தின் அரிச்சுவடியாக விளங்குகிறது.

ஆகவே, அடிபட்ட மூளை வீங்கத் தொடங்கினால் உள்ளே அமுக்கம் ஏறும். அமுக்கம் ஏறினால் இரத்தம் உட்செல்வது தடைப்படும். இரத்தம் தடைப்பட்ட பகுதி மேலும் வீங்கும். இச்சுழல் ஒருமுறை தொடங்கிவிட்டால் அதனை நிறுத்துவது எளிதன்று. மூளையின் அடிப்பகுதியிலே மூச்சை நடத்தும் மையம் இருக்கிறது. வீங்கிய மூளை கீழ்நோக்கி அமுங்கி அம்மையத்தை நெரிக்குமாயின் உயிர் போய்விடும்.

இனி, மூளைக்கே உரிய வேறொரு சிறப்பையும் அறிதல் வேண்டும். உடம்பின் பிற பாகங்களிலே, மயிர் போன்ற நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவரில் சிறு இடைவெளிகள் உண்டு. அவற்றினூடாக உப்பும் நீரும் தாராளமாகப் போய் வரும். பெரிய புரதங்கள் மாத்திரமே தடுக்கப்படும். மூளையின் குழாய்ச் சுவர்களோ, நன்றாகக் கட்டப்பட்ட குளக்கட்டைப் போல இறுகியவை. நீர் மாத்திரம் அவற்றினூடே கசியும்; உப்புக்கூட எளிதிற் புகாது. எனவே மூளை வீங்குமா, சுருங்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இரத்தத்திலுள்ள உப்பின் அடர்த்தியே.

இந்த விசை சிறிதன்று. இரத்தத்தின் கரைபொருள் அளவு சாதாரணமாக 285 முதல் 295 அலகு வரையில் இருக்கிறது. அது மூளையின் அளவைவிட ஓர் அலகு குறைந்தாலே, நீரை மூளைக்குள் தள்ளும் விசை ஏறக்குறைய 19 மில்லிமீற்றர் இரச அமுக்கத்துக்கு ஒப்பாகும். மண்டையோட்டினுள் இயல்பான அமுக்கமோ 15 மில்லிமீற்றருக்கு உட்பட்டதே. ஐந்து அலகு சடுதியிற் குறைந்தால் என்னாகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

1919ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் கலாசாலையைச் சார்ந்த வீட், மக்கிபன் என்னும் இருவர் இவ்வுண்மையைப் பரீட்சையால் நிலைநாட்டினர். பூனைகளின் நாளத்தில் அடர்ந்த உப்பு நீரைச் செலுத்தியபோது மூளை சுருங்கி அமுக்கம் இறங்கியது. வடித்த தூய நீரைச் செலுத்தியபோது மூளை பருத்து அமுக்கம் ஏறியது. மூளை நோயாளிக்கு எந்த நீரை ஏற்றலாம், எதை ஏற்றலாகாது என்னும் ஆராய்ச்சி முழுவதும் அந்தப் பரீட்சையிலிருந்து கிளைத்ததே எனலாம்.

சீனி நீரின் மாறுவேடம்

இப்போது தாய் கேட்ட குளுக்கோசுப் போத்தலுக்கு வருவோம். நூற்றுக்கு 5 வீதக் குளுக்கோசு நீரில் ஒரு லீற்றருக்கு 50 கிராம் சீனி உண்டு. போத்தலில் இருக்கும் வரையில் அதன் அடர்த்தி ஏறக்குறைய 278 அலகு, இரத்தத்துக்கு அண்மையானதே. ஆகவே செங்கலங்களை அது வெடிக்கச் செய்வதில்லை. பார்த்தால் நல்ல பிள்ளை போலவே தோன்றும்.

ஆனால் உடம்புக்குள் போனதும் நடப்பது வேறு. சீனியை உடம்பின் கலங்கள் எடுத்து எரித்துவிடுகின்றன. சீனி போன பின் எஞ்சுவது என்ன? வெறுந் தண்ணீர்! ஒரு லீற்றர் குளுக்கோசு நீரை ஏற்றினால், ஈற்றில் குருதிக் குழாய்களுள் தங்குவது பன்னிரண்டில் ஒரு பங்கு மாத்திரமே. மூன்றில் இரண்டு பங்கு கலங்களுக்குள்ளே புகுந்துவிடும். மூளையின் கலங்களும் அவற்றுள் அடங்கும். வீங்கி நெருக்குண்டு கிடக்கும் மூளைக்கு அந்த நீர் நஞ்சாகிவிடுகிறது. வீட்டும் மக்கிபனும் பூனைக்கு ஏற்றிய தூய நீரையே, சீனி என்னும் மாறுவேடம் பூட்டி நாம் ஏற்றியவர்களாவோம்.

இன்னொரு தீங்கும் உண்டு. இரத்த ஓட்டம் குன்றிய மூளைப் பகுதியிலே ஒட்சிசன் போதாது. அங்கே சீனி மிகுந்தால், அது முற்றாக எரியாமல் அமிலமாக மாறிக் கலங்களை அரிக்கும். ஆதலால் இரத்தச் சீனி மிக ஏறாமலும், அதே வேளையில் மிகத் தாழாமலும் காக்க வேண்டியது வைத்தியரின் கடமையாகிறது. சீனி மிகத் தாழ்ந்தாலும் மூளை பட்டுப்போகும் என்பதை மறத்தலாகாது.

"தெம்பு" என்னும் எண்ணத்தையும் சற்றே நிறுத்துப் பார்ப்போம். அரை லீற்றர் குளுக்கோசுப் போத்தலில் இருப்பது 25 கிராம் சீனி. ஐந்தாறு தேக்கரண்டிச் சீனியை இட்ட தேநீரில் உள்ள அளவே அது. ஒரு வாழைப்பழம் தரும் சக்திக்கு மேற்பட்டதன்று. அந்தச் சிறு சக்திக்காக மூளையைப் பணயம் வைப்பது தகுமா?

இதனாற் குளுக்கோசு நீரே தீயது என்று கொள்ளலாகாது. இரத்தச் சீனி தாழ்ந்தவருக்கும், பச்சிளங் குழந்தைகளுக்கும், வேறு சில நோயாளருக்கும் அது உயிர் காக்கும் மருந்து. ஒவ்வொரு போத்தலுக்கும் உரிய இடமும் காலமும் உண்டு என்பதே பொருள்.

போத்தல் பிறந்த கதை

நாளத்தில் உப்பு நீரை ஏற்றும் வழக்கம் எப்போது தோன்றியது? 1831, 1832ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவில் வாந்திபேதி பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஓ'ஷோனசி என்னும் இளம் வைத்தியர், நோயாளரின் இரத்தம் நீரையும் உப்பையும் இழந்து தடித்துப் போவதைச் சோதித்து அறிந்தார். (பிற்காலத்தில் இந்தியாவிலே முதன்முதல் தந்திக் கம்பிகளை நாட்டியவரும் இவரே.) அவருடைய கருத்தைப் படித்த தோமஸ் லாற்றா என்பவர், 1832ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் லீத் துறைமுகப் பட்டினத்தில், உயிர் பிரியும் நிலையிலிருந்த ஒரு மூதாட்டியின் நாளத்தில் உப்பு நீரைச் செலுத்தினார். குழி விழுந்த கண்கள் ஒளி பெற்றன, நாடி மீண்டது, மூதாட்டி பேசினாள். ஆனால் லாற்றா அவ்விடம் விட்டகன்ற பின் பேதி மீண்டும் கண்டது. இழந்த நீர் திரும்ப ஈடு செய்யப்படவில்லை. மூதாட்டி சில மணி நேரத்தில் இறந்தாள். ஏற்றினால் மட்டும் போதாது, இழப்பதற்கேற்ப ஏற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பது அன்று கிடைத்த பாடம்.

அரை நூற்றாண்டின் பின், இலண்டனில் சிட்னி ரிங்கர் என்பவர் தவளையின் இருதயத்தை உப்பு நீரில் இட்டு ஆராய்ந்து வந்தார். வடித்த நீருக்குப் பதிலாக உதவியாளர் குழாய் நீரை உபயோகித்துவிட்டார். அந்த நீரில் மாத்திரம் இருதயம் நெடுநேரம் துடித்தது! குழாய் நீரிலிருந்த கல்சியமே காரணம் என்பதை 1883ஆம் ஆண்டில் ரிங்கர் வெளியிட்டார். பின்னர் 1932ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரத்துக் குழந்தை வைத்தியர் அலெக்சிஸ் ஹார்ட்மன், ரிங்கர் நீரோடு இலற்றேற்று என்னும் பொருளையும் சேர்த்தார். நம் வைத்தியசாலைகளில் 'ஹார்ட்மன்' என்று வழங்குவது அதுவே.

எந்தப் போத்தல்?

நமது இரத்தத்தில் ஒரு லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரையில் சோடியம் உண்டு. சேலைனில் 154, ஹார்ட்மன் நீரில் 131. அதாவது சேலைன் இரத்தத்தைவிடச் சற்றே உப்புக் கூடியது. ஹார்ட்மன் சற்றே குறைந்தது. ஏனைய சத்திரசிகிச்சைகளில் இவ்வேறுபாடு பெரிதன்று. ஆனால் மூளை வீங்கியிருக்கும் நோயாளிக்கு ஹார்ட்மன் நீரைப் பல லீற்றர் ஏற்றினால், இரத்தத்தின் உப்பு நீர்த்து மூளை மேலும் பருக்கக்கூடும். ஆகையால் மூளைச் சத்திரசிகிச்சையில் உணர்வழி வைத்திய நிபுணர்கள் பெரிதும் நாடுவது சேலைனையே. சேலைனிலும் ஒரு குறை உண்டு. அதில் குளோரைட்டு மிகுதி. அளவு கடந்து ஏற்றினால் இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும். ஆகவே அதற்கும் எல்லை உண்டு.

விலை மிகுந்தது சிறந்ததாயிருக்கும் என்று எண்ணுவது மனித இயல்பு. மனிதக் குருதியிலிருந்து பிரித்தெடுக்கும் அல்புமின் என்னும் புரத நீர், சேலைனைவிடப் பன்மடங்கு விலையுடையது. அது குழாய்களுள் நெடுநேரம் தங்குமாதலால் மூளைக்கு நன்று என்று பலர் நம்பினர். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தலையில் அடிபட்ட 460 நோயாளரை ஈராண்டுகள் வரை கவனித்து, 2007ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அல்புமின் பெற்றவருள் நூற்றுக்கு 33 பேர் இறந்தனர். சேலைன் பெற்றவருள் நூற்றுக்கு 20 பேரே இறந்தனர். உப்பு நீர், விலையுயர்ந்த புரத நீரை வென்றுவிட்டது!

அதன் பின்னர் பிரேசில் நாட்டில் ஏறக்குறைய 11,000 நோயாளரைக் கொண்டு நடத்திய பேராய்வொன்று 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதிலே சேலைனை, இரத்தத்தின் உப்புக்களைப் போலவே கலந்து செய்த வேறொரு நீருடன் ஒப்பிட்டனர். பொதுவாக இரண்டுக்கும் வேற்றுமை தோன்றவில்லை. ஆனால் தலையில் அடிபட்டோரைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, சேலைன் பெற்றவரிடையே இறப்புக் குறைவாக இருந்தது.

சுருங்கிய மூளையும் வற்றிய உடலும்

வீக்கம் எல்லை கடக்கும்போது வைத்தியர் வேறொரு போத்தலை எடுக்கிறார். அது மனிற்றோல், ஒரு லீற்றரில் 200 கிராம் வரை கரைந்துள்ள அடர்ந்த நீர். இனிப்புப் பொருளாயினும் இது குளுக்கோசைப் போல எரிந்து மறைவதில்லை. இரத்தத்திலேயே நின்று, மூளையிலிருந்து நீரை உறிஞ்சி எடுத்துச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடும். வெள்ளரிக்காய்க்கு உப்புத் தூவியதை நினைத்துக் கொள்க. 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இது மூளை வைத்தியத்தில் இடம் பெற்றது. நூற்றுக்கு 3 வீதம் போன்ற அடர்ந்த உப்பு நீரும் இதே பணியைச் செய்யும். இவை சத்திரசிகிச்சை செய்வதற்குள் சிறிது கால அவகாசத்தைப் பெற்றுத் தருவன. மூளையுள் கட்டிய இரத்தத்தை அகற்றும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை.

இங்கே ஒரு பழைய தவறையும் சொல்லுதல் வேண்டும். நீர் மூளையை வீங்கச் செய்யுமானால் நோயாளிக்கு நீரே கொடாமல் வற்ற விடுவது நல்லதல்லவா? முற்காலத்து நிபுணர் பலரும் அவ்வாறே கருதினர். மூளை நோயாளியை உலர வைத்திருப்பதே விதியாயிருந்தது. ஆனால் உடல் வற்றினால் இரத்த அமுக்கம் தாழும்; தாழ்ந்தால் வீங்கிய மூளைக்குள் இரத்தம் ஏறமாட்டாது. தலையிற் கடுமையாக அடிபட்டவர்களில், இரத்த அமுக்கம் 90க்குக் கீழ் விழுந்தோரிடையே இறப்பு ஏறக்குறைய இருமடங்கு என்று 1993ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டிற்று. இன்றைய கொள்கை, உடம்பை வற்றவும் விடாதே, வழியவும் விடாதே என்பதாகும். குளத்துக்குக் காவலிருப்பவர் நீர் மட்டத்தைப் பார்த்தே துருசைத் திறப்பதும் அடைப்பதும் போல, வைத்தியரும் நாடியையும், இரத்த அமுக்கத்தையும், மணிக்கு மணி வெளியேறும் சிறுநீரையும் அளந்தளந்தே நீரை விடுகிறார். மிகுதியான இரத்தம் போய்விட்டால், ஈடு இரத்தமே. எந்த உப்பு நீரும் அதற்கு நிகராகாது.

கத்தி வைத்த பின்னும்

சத்திரசிகிச்சை முடிந்ததும் போத்தலின் கதை முடிந்துவிடுவதில்லை. உடம்பின் நீரையும் உப்பையும் ஆளுகின்ற சுரப்பிகளின் தலைமை மூளையிலேதான் இருக்கிறது. மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியை அண்டிச் சத்திரசிகிச்சை செய்தால், சிலவேளை சிறுநீர் கட்டுப்பாடின்றி லீற்றர் லீற்றராகப் பெருகும். உடம்பில் உப்பு அடர்ந்துபோகும். அப்போது உப்புக் குறைந்த நீரே மருந்து. தாய் கேட்ட குளுக்கோசு நீருக்கும் அப்போது முறை வரலாம்!

வேறு சிலருக்கு நேர்மாறாகச் சோடியம் தாழ்ந்து போகும். அதிலும் இரு வகை உண்டு. உடம்பு நீரை வெளியேற்றாது பிடித்து வைப்பதால் நேர்வது ஒன்று. உப்பைச் சிறுநீரில் வாரி இறைப்பதால் நேர்வது மற்றொன்று. முன்னையதற்கு நீரைக் குறைக்க வேண்டும். பின்னையதற்கு நீரையும் உப்பையும் கொடுக்க வேண்டும். நோயின் பெயர் இரத்தப் பரிசோதனையில் ஒன்றுபோலவே தோன்றும், மருந்தோ நேரெதிர். தாழ்ந்த சோடியத்தை அவசரப்பட்டு உயர்த்தினாலும் மூளைத் தண்டு கெடும். "ஏன் இத்தனை முறை இரத்தம் எடுக்கிறார்கள்?" என்று விடுதியில் உறவினர் முணுமுணுப்பதுண்டு. அந்தச் சில துளி இரத்தமே, அடுத்த போத்தல் எது என்பதைச் சொல்லும் சாட்சியாகும்.

வன்னியும் போத்தலும்

தென்னாசியாவிலே மூளைச் சத்திரசிகிச்சை நெடுங்கால வரலாறு உடையதன்று. 1949ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950ஆம் ஆண்டில் சென்னையில் டாக்டர் பா. இராமமூர்த்தியும் இத்துறையைத் தொடங்கினர். இலங்கையில் 1956ஆம் ஆண்டில் டாக்டர் ஷெல்டன் கப்ரால் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் இதற்கு அடிகோலினார். அக்காலத்தில் வன்னியிலே தலையடிபட்ட ஒருவருக்குக் கொழும்பு எவ்வளவு தூரம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இன்று யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ போனாற் போதும். ஆயினும் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 65 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து நூறுக்கு மேல். வவுனியாவிலிருந்து அனுராதபுரம் 50 கிலோமீற்றருக்கு மேல். உட்கிராமங்களிலிருந்து பெரிய வீதியை அடைவதற்கே நேரம் செல்லும். ஆகவே மூளை நோயாளியின் சிகிச்சை, சத்திரசிகிச்சை மேசையில் அன்று, மாவட்ட வைத்தியசாலையின் முதற் போத்தலிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் எது நாளத்தில் இறங்கியது என்பதை, தொலைவிலிருக்கும் நிபுணர் பின்னர் மாற்றியமைக்க இயலாது.

ஒரு போத்தல் உப்பு நீரின் அருமையை வன்னி மக்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதுமில்லை. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களிலே புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைகளுக்கு இலக்கானது. பின்னர் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக இடங்களில் காயப்பட்டோர் நிலத்திலே கிடத்தப்பட்டனர். சேலைன் போத்தல்கள் மரக்கிளைகளிலே தொங்கின. சத்திரசிகிச்சைக்கு வேண்டிய பொருள்கள் அங்கே போய்ச் சேராமையை, ஐக்கிய நாடுகளின் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவும் 2011ஆம் ஆண்டின் அறிக்கையிற் பதிந்துள்ளது. ஒன்பது கிராம் உப்பும் ஒரு லீற்றர் நீரும் கிடையாத போது என்ன நேரும் என்பதை அந்நாட்களைக் கண்டவர் அறிவர்.

உறவினர் செய்யத்தக்கவை

போத்தலைத் தெரிவு செய்வது வைத்தியரின் பணி. ஆனால் அவருக்குத் துணை செய்வது குடும்பத்தாரின் கையிலேயே இருக்கிறது.

தலையில் அடிபட்டவருக்குத் தண்ணீர், சோடா, இளநீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். நினைவு மங்கியவர் விழுங்கும் நீர் நுரையீரலுக்குட் போகும். வாந்தி வந்தால் மூச்சு அடைபடும். 2018ஆம் ஆண்டு முதல் வட மாகாணத்திலும் இயங்கிவரும் 1990 என்னும் இலவச நோயாளர் காவு வண்டிச் சேவையைத் தாமதமின்றி அழையுங்கள்.

அடிபட்ட நேரம், நினைவு தப்பிய நேரம், வாந்தி எடுத்தாரா, வலிப்பு வந்ததா என்பவற்றைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள். நீரிழிவு, சிறுநீரக நோய், இருதய நோய் உண்டா, என்னென்ன மருந்து உட்கொள்பவர் என்பதைக் கேளாமலே கூறுங்கள். சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு மனிற்றோலைக் கொடுக்குமுன் வைத்தியர் இருமுறை சிந்திக்க வேண்டியிருக்கும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவராயின், அச்செய்தி ஒன்றே உயிரைக் காக்கக்கூடும்.

துளிகள் மெல்ல விழுகின்றனவே என்று போத்தலின் சக்கரத்தைத் திருகாதீர்கள். வேகமும் மருந்தின் ஒரு பகுதியே. "தெம்புக்கு ஒரு குளுக்கோசு" என்று தாதியரை வற்புறுத்தாதீர்கள். எந்த நீர், எதற்காக என்று பணிவோடு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கண்டி வீதியில் நாம் விட்டுவந்த வண்டி, இந்நேரம் ஆனையிறவைக் கடந்து சாவகச்சேரியை அணுகியிருக்கும். தாய் இப்போது குளுக்கோசைக் கேட்கவில்லை. மகனுடைய கையைப் பற்றியபடி, தலைமாட்டில் விழும் துளிகளை எண்ணிக் கொண்டிருக்கிறாள். கடந்து வந்த உப்பளத்திலே விளையும் அதே உப்புத்தான் தன் மகனின் மூளைக்கு அணை கட்டுகிறது என்பதை அவள் அறிந்து கொண்டாள்.